காய்ந்த ஏரிக்கு மீன் எங்கிருந்து வருகிறது?

திருமுக்கூடல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெடித்துக் கிடந்த ஏரி. மழை பெய்து நாலு நாளில் மீன் துள்ளுகிறது. வானத்திலிருந்தா விழுந்தது?"

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் ஊர் அவருடையது. மூன்றும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். இத்தகைய சீமையில் பிழைக்கத் தெரிந்தது பனையேறிக் கெண்டை. விரால், குறவைக்கும் வறட்சியைத் தாங்கத் தெரியும். ஆனாலும் என் மனம் போவது பனையேறியிடம்தான்.

செவுளுக்கு மேலே அதற்கு ஓர் அறை உண்டு. உள்ளே மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடுகள். அவற்றின் மேல் ரத்தக்குழாய்கள் பின்னிய மெல்லிய தோல். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அங்கே நிறுத்திக்கொள்ளும். பிராணவாயு குறைந்த குட்டையில் மேலே வரவிடாமல் தடுத்தால், மீனாயிருந்தும் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும்! கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மழை இரவில் அடுத்த குட்டைக்குத் தரைவழியே கிளம்பிவிடும். செவுள்மூடியின் விளிம்பு பனைமட்டைக் கருக்குபோல முள்முள்ளாக இருக்கும். அதை விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி நகரும். இதைக் கழுவும்போது கவனம் தப்பினால் விரலில் ரத்தம்தான்.

1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, பனைமரப் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இதைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-இல் அதை வெளியிட்டது. காக்கையோ பருந்தோ தூக்கிப்போய் மரத்தில் போட்டிருக்கும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. தரையில் நடப்பதோ கண்கூடு.

கொசுப்புழுவையும் பூச்சியையும் இது தின்னும். இதைக் கொக்கும் தண்ணீர்ப்பாம்பும் தின்னும். ஒரு குட்டையில் மீனே அற்றுப்போனாலும் பக்கத்திலிருந்து வந்து குடியேறும்.

நாமோ ஆற்று மணலை அள்ளி மடுக்களைக் குலைத்தோம். ஏரிக்கரைக்குச் சிமென்ட் பூசி, மீன் ஏறும் வழியை அடைத்தோம். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்த்து நீர்நிலைகளில் தப்பவிட்டோம். சிறு மீன்களை அது விட்டுவைப்பதில்லை.

வாசகரே, உங்கள் ஏரியில் மீன்பிடி முடிந்ததும் மோட்டார் வைத்துக் கடைசிச் சேறுவரை இறைப்பார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி, ஒரு பள்ளத்தையாவது இறைக்காமல் விடச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு வேண்டிய மீன் அதற்குள்தான் இருக்கிறது.