வாயத் தொறந்து படி

பாகூர் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வீட்டிலிருந்த புத்தகங்கள் எல்லாம் அவளுடையவை. தேசிங்குராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை. அத்தனையும் ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகள். சென்னையில் இரத்தின நாயகர் அச்சடித்தவை. வில்லியனூர்த் தேரடியில் சாக்கு விரித்து விற்பார்கள். ஆயா அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு, நெல் குதிருக்கு மேலே எலி எட்டாத உயரத்தில் வைத்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டி, விளக்கு வைத்து, சோறு வடித்து இறக்கிய பிறகு பை கீழே இறங்கும். படிக்க வேண்டியது நான்.

மூன்றாம் வகுப்புப் பையன் எப்படிப் படிப்பான்? எழுத்துக் கூட்டி, நடுவில் மூச்சு வாங்கி, வரி மாறிப் போய்த் திரும்பி வந்துதான். அந்தப் புத்தகங்களில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடும். நான் தப்பான இடத்தில் வெட்டினால் ஆயா விடமாட்டாள், திருத்துவாள். தேசிங்கின் தோழன் மோவுத்துக்கான் மணமேடையிலிருந்து எழுந்து சண்டைக்குப் போகிற இடம் வந்தால் எனக்கு முன்னால் அவள் வாய் போகும். அலுத்துப்போய் மனசுக்குள் படிக்க ஆரம்பித்தேனோ, தலையில் குட்டு. “கண்ணால படிச்சா ஊட்ல இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும்? வாயத் தொறந்து படிடா.”

தேசிங்கு செத்தது 1714இல், செஞ்சியில். எங்கள் திண்ணையில் அவன் வாரம் ஒருமுறையாவது செத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ராஜா சிங்கவரம் ரங்கநாதரைக் கும்பிடுகிறவன். அவனுக்காக உயிரை விடுகிறவன் துலுக்கப் பிள்ளை. அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. வேறு கேள்விகள் கேட்பார்கள். குதிரைக்கு இன்னா பேரு, அந்தப் பொண்ணு அப்புறம் இன்னா ஆனா, இவன் ஏன் கப்பத்தக் கட்டித் தொலைக்கல. நான் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ஒரு பக்கம் முடிய அரை மணி ஆகும்.

திண்ணையில் நடந்ததுதான் திரௌபதையம்மன் கோயிலில் பந்தல் போட்டு நடந்தது. பாகூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கொடி ஏறிவிட்டால் பிற்பகல் தோறும் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்து ஒரு பாட்டைப் படிப்பார், பொருள் சொல்வார், ஊர்க்கதை நாலைச் சேர்ப்பார். வில்லிபுத்தூரார் நம்ம திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர்தான் என்பதை முதல் நாளே சொல்லி, ஊரை நிமிர்ந்து உட்கார வைத்துவிடுவார். பகலில் கேட்ட கதை இரவில் கூத்தாக வரும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம். தபசு மரத்தின் உச்சியிலிருந்து அர்ச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்க, பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

மழை பொய்த்த வருஷம் விராட பருவம் படிக்கச் சொல்வார்கள். பாகூர் ஏரி ஊசுட்டேரிக்கு அடுத்தபடி புதுச்சேரியில் பெரியது. சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்தால்தான் அதற்கு வயிறு நிறையும். ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது பாட்டைப் படித்தாவது வரவழைக்கலாம் என்ற நம்பிக்கையை இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தின் மேல் அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்கப்புறம் யாரும் சுமத்தி நான் பார்த்ததில்லை.

பிரசங்கத்திலும் குறுக்கே பேசுவார்கள். “சாமி, கர்ணன் மேல இன்னா தப்பு?” என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டால் அன்றைக்கு அதற்கு மேல் கதை நகராது.

வில்லியனூர்த் தாத்தாவின் சாமி வேறு. அவர் ரோடியர் மில் தொழிலாளி, சிவப்புத் துண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் எதிரில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் செத்ததையும், அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் அவர் சொல்லும் தோரணைக்கும், ஆயா கர்ண மோட்சம் சொல்லும் தோரணைக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. அவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. வ. சுப்பையா 1934இல் தொடங்கிய ‘சுதந்திரம்’ பத்திரிகையை மில் வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, இவர்கள் கூடி நின்று கேட்டே அரசியல் கற்றார்கள். என் காலத்தில் அது டீக்கடை பெஞ்சுக்கு வந்திருந்தது. தாளை மடித்துப் பிடித்து ஒருவர் தலைப்பைப் படிப்பார். முழுச் செய்தியையும் படித்து முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்துக்காரர் பதில் சொல்லிவிடுவார். தாத்தாவுக்குப் பிடித்த பல்லவி கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி, பிரான்சா இந்தியாவா என்று வாக்குப் போட்ட ஊர். இந்தியாவுக்கு 170. மீதி எட்டுப் பேர் யார் என்பதில் பெஞ்சுக்கு நிரந்தரச் சண்டை.

சிவப்புத் துண்டுக்காரர் வீட்டிலும் மெழுகுவத்தி இருக்கும். வில்லியனூரில் அது இல்லாத வீடு எது? ஒரு பக்கம் திருக்காமீஸ்வரரும் கோகிலாம்பாளும், இன்னொரு பக்கம் லூர்து மாதா. மாதாவின் சிலை 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அத்தை அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவாள். குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து நெற்றியில் தெளிப்பாள். மாதா திருவிழாவுக்கு நாங்களும், திருக்காமீஸ்வரர் தேருக்குக் கிறிஸ்தவர்களும். அந்தத் தேர் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர் வந்து தொட்டு இழுப்பது அக்கால வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். எங்கள் தெருக் கிறிஸ்தவ வீட்டுப் பெரியம்மா, தன் சிறுவயதில் பூசை முழுவதும் லத்தீனில் நடந்ததாகச் சொல்வார். சாமியார் அங்கே ஏதோ ஓதிக்கொண்டிருக்க, இவர்கள் இங்கே தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்களாம். 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பீடத்துக்கும் தமிழ் வந்தது. இத்தனைக்கும் வீரமாமுனிவரின் தேம்பாவணி புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1850களிலேயே அச்சேறிவிட்டது. தமிழ் அச்சுக்கு முந்தியது, பூசைக்குப் பிந்தியது.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடுவது சுலபம். பந்தலுக்குள் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் அப்படி எழுத முடியாது. காலனிக்காரர்கள் தள்ளி, புளியமரத்தடியில் நின்றுதான் கேட்டார்கள். ஒலிபெருக்கி வந்த பிறகு அவர்கள் வீட்டு வாசலுக்கே பாரதம் போனது. பந்தலுக்குள் அவர்கள் வந்ததாக இல்லை. இன்றும் நிலைமை வெகுதூரம் நகர்ந்துவிடவில்லை. விழுப்புரம் பக்கத்து மேல்பாதி திரௌபதையம்மன் கோயில், தலித்துகள் உள்ளே போவது பற்றிய தகராறில் 2023 ஜூனில் பூட்டி சீல் வைக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவால் 2024 மார்ச்சில் திறந்தது.

பாகூரின் படிப்புப் பெருமைக்கும் இதே குறை உண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது கல்லூரி இருந்ததையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதையும் சொல்கிறது. வடக்கே திரிபுவனையில் இராஜாதிராஜ சோழன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் ஏற்பாடு செய்கிறது. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் அங்கே சத்தமாகவே ஓதப்பட்டிருக்கும். அந்த மூன்று ஊர்களில் நாற்று நட்டவர்களுடைய பிள்ளைகள் எழுத்தைத் தொட ஆயிரம் வருஷம் ஆயிற்று. ஆயாவின் முன்னோர் அந்த வகையறாதான். அவள் புத்தகத்தைக் குதிருக்கு மேல் வைத்துக் காத்ததில் பக்தியோடு கொஞ்சம் ரோஷமும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நடுவில் அம்மா வருகிறாள். எட்டாவது வரை படித்தவள், எங்கள் வீட்டில் முதன்முதலில் வாயை மூடிக்கொண்டு படித்த பெண். புதுச்சேரி ரோமேன் ரோலான் நூலகத்தின் நடமாடும் வண்டி ஊருக்கு வரும் நாளில் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடுவாள். 1827இல் வெள்ளைக்காரத் துரைமார்கள் தொடங்கிய நூலகம், கொம்யூன் கிராமத்து அரசமரத்தடியில் வந்து நின்று ஒரு மருமகளுக்கு லட்சுமியின் நாவலைக் கொடுக்கும். இதற்கு ஆயாவின் விமர்சனம், “புத்தகமும் கையுமா ஒக்காந்தா ஊடு வெளங்குமா?” என்பது. பிறகு இன்னொன்றும் சொல்வாள்: “இன்னாதான் படிக்கிறான்னு நமக்குத் தெரியலயே.”

பிந்திய வார்த்தைதான் விஷயம். நாலாம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் படிப்பதைப் பார்த்து அகுஸ்தினார் வியந்து எழுதி வைத்திருக்கிறார். ஆயாவுக்கு அந்த வியப்பு சந்தேகமாக வந்தது. மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று பன்னிரண்டு பேர் புழங்கும் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறை கிடையாது, ஒரு பெட்டியும் கிடையாது. அந்த நாவலுக்குள் மட்டும் யாரும் குறுக்கே பேச முடியாது. திண்ணை வாசிப்பை நான் எவ்வளவு கொண்டாடினாலும், அம்மாவுக்கு ஆறுதல் அந்த மௌனத்தில் கிடைத்தது என்பதை மறைக்க முடியவில்லை.

இன்று பாகூர் வீட்டில் திண்ணை இல்லை, கார் நிற்கிறது. வில்லியனூரைச் சுற்றி நெல் விளைந்த இடங்களில் மனைக் கற்கள். ரோடியர் மில்லை 2020இல் மூடிவிட்டார்கள். பாரதப் பிரசங்கம் நடக்கத்தான் செய்கிறது. பிளெக்ஸ் பேனரில் உபயதாரர் முகங்கள் பாண்டவர் முகங்களை விடப் பெரியவை. பிற்பகலில் கேட்க உட்காருவோர் வயதானவர்கள் சிலர். இரவுக் கூத்துக்குக் கூட்டம் உண்டு, பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி. வில்லிபாரதம் முழுவதும் மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கிறது. புளியமரத்தடிப் பிள்ளையும் பந்தலுக்குள்ளிருந்தவர் பிள்ளையும் ஒரே பாட்டை ஒரே நொடியில் எடுக்கலாம். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

எடுக்கிறார்களா என்பது வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. தங்கை மகள் ஆங்கிலத்தில் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயாவின் சந்தேகம் இப்போது எங்களுக்கு வந்திருக்கிறது.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவளும் இப்போது கேட்கிறாள். யூடியூபில் பொன்னியின் செல்வன், யாரோ ஒரு பெண் குரல், தங்குதடையில்லாத வாசிப்பு. ஒருநாள் அந்தக் குரல் ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தது. “அப்படி இல்லம்மா” என்றாள் அம்மா, போனைப் பார்த்து. அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிற்று. எனக்கு ஏற்பட்ட இழப்பு எதுவென்று அப்போதுதான் பிடிபட்டது. குரல் போகவில்லை, குரல் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. நிறுத்திக் கேட்கவும் திருத்தவும் இருந்த உரிமைதான் போய்விட்டது. ஆயாவுக்குத் தேசிங்கு மனப்பாடம், இருந்தும் என்னைப் படிக்கச் சொன்னாள். நான் தடுக்கி விழுகிற இடத்தில் கை கொடுப்பதுதான் அவளுடைய படிப்பு.

போன மாதம் கொம்யூன் ஊர் நூலகம் ஒன்றில் நுழைந்தேன். நாவல் அலமாரிப் பக்கம் ஒருவரும் இல்லை. மேசைகள் முழுக்க இளைஞர்கள், எல்டிசி, யுடிசி, காவலர் தேர்வு. அத்தனை பேரும் தலை கவிழ்ந்து, அம்மாவைப் போல வாய் மூடி. ஜன்னலோரம் இரண்டு பெண்கள் மட்டும் ஒரே பொது அறிவுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தாழ்ந்த குரலில் படிக்க, மற்றவள் கண்ணை மூடிப் பதில் சொன்னாள்.

“கீழூர் வாக்கெடுப்பு, மொத்தம்?”

“நூத்தி எழுபத்தெட்டு.”

“ஆதரவு?”

“நூத்தி அறுபது.”

“எழுபதுடி. எட்டுப் பேருதான் எதிர்ப்பு.”

“அந்த எட்டுப் பேரு யாரு?”

“அது சிலபஸ்ல இல்ல” என்று சொல்லிவிட்டு, அவள் சத்தமாகச் சிரித்தாள். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.