கற்சிலைமடு: வென்றவர் நாட்டிய கல்

ஏ-9 வீதியில் மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே பிரியும் முல்லைத்தீவு வீதி, காடும் குளமும் வயலுமாய் நீண்டு ஒட்டுசுட்டானை அடைகிறது. தான்தோன்றீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற அந்தச் சிற்றூருக்கு அருகே உள்ளது கற்சிலைமடு.

1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னியின் தலைவர் பண்டாரவன்னியன், முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிரிபேர்க்கின் காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. ஜூன் மாதம்தான் கண்டி நகரையும் ஆங்கிலேயர் இழந்திருந்தார்கள். இரண்டாவது அடியை அவர்களால் பொறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என மூன்று பக்கமிருந்தும் படைகள் வன்னிக்குள் நுழைந்தன.

ஒக்டோபர் 31 அன்று டிரிபேர்க் கற்சிலைமடுப் பகுதியில் திடீரெனத் தாக்கிப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார்.

அதைப் பொறித்து ஆங்கிலேயர் இங்கே ஒரு கல் நாட்டினர். அது சொன்னது அந்த ஒருநாள் தோல்வியை மட்டுமே. முல்லைத்தீவு வெற்றியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை; அந்தக் கதையைக் காத்தவர்கள் வன்னி மக்கள்.

இங்கு வருவோர் முல்லைத்தீவுக் கடற்கரையையும், வவுனியா நகரில் நிற்கும் பண்டாரவன்னியன் சிலையையும் அவசியம் பார்க்க வேண்டும். அவருக்கு மக்கள் விழா எடுப்பது ஓகஸ்ட் 25 அன்று, முல்லைத்தீவை வென்ற நாளில்.