செருப்பைக் கழட்டிட்டு வாங்க!

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, படகு, சாக்லேட். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2023 மே லீவுல மாமா எங்களை வெள்ளகவிக்குக் கூட்டிட்டுப் போனார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாள் ராத்திரி வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கினோம். இஸ்ரேல் நாட்டுக்காரங்க நிறைய வந்து தங்குவதால் அந்த ஊருக்கு 'குட்டி இஸ்ரேல்' என்று பட்டப்பேர். மே மாசத்துல ரெண்டு கம்பளி போர்த்தித் தூங்கினேன், நம்புங்க!

காலையில் டால்பின் நோஸ் பாறை. பாதிப் பேர் அங்கேயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. அதுக்கும் கீழே ஒரு ஒத்தையடிப் பாதை இறங்குது. மரத்து வேர்கள்தான் படிக்கட்டு. இறங்குறதுதானே, ஈசின்னு நினைச்சேன். அரை மணி நேரத்தில் முழங்கால் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. எதிரே மட்டக்குதிரைகள் மூட்டையோட ஏறி வந்தன. ஊரில் விளையும் காபியும் பட்டர் ஃப்ரூட்டும் மேலே போவது அதுங்க முதுகுலதான். அரிசி, பருப்பு கீழே வருவதும் அப்படித்தான்.

வெள்ளகவி ரொம்பப் பழைய ஊர். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் ரெண்டு பங்களா கட்டினாங்களே, அப்புறம்தான் கொடைக்கானல் நகரம் உருவாச்சு. அதுக்கு முன்னாடியே இங்கே ஜனங்க குடியிருந்தாங்க. பிறகு வந்த நகரத்துக்கு 1910-களிலேயே மோட்டார் ரோடு போட்டாச்சு. மூத்த ஊருக்கு நாங்க போனப்போகூட ரோடு இல்லை.

ஊர் எல்லையில் ஒரு பாட்டி, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க சாமி" என்றார். கோயிலும் வீடும் ஒட்டி ஒட்டி இருக்கறதால மொத்த ஊரையுமே கோயிலா நினைக்கிறாங்க. எல்லாரும் வெறுங்கால்தான். எனக்குக் கல் குத்துச்சு. அங்கே சின்னப் பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடறாங்க!

யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா என்ன செய்வீங்கன்னு அம்மா கேட்டாங்க. கம்பில் போர்வை கட்டி டோலி மாதிரி தூக்கிட்டுப் போவோம் என்றார் பாட்டி. அவர் மகளைப் பிரசவத்துக்கு ராத்திரியில் டார்ச் வெளிச்சத்துல தூக்கிட்டுப் போனாங்களாம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துடுச்சாம். எங்களுக்குச் சொம்புல தண்ணி கொண்டுவந்து கொடுத்த பையன்தான் அந்தக் குழந்தை!

போக ஆசைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல் இறந்துட்டாங்க. அதனால வனத்துறையிடம் கேட்காமல் காட்டுப்பாதையில் இறங்காதீங்க. கொண்டுபோற பிஸ்கட் கவரைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க. அங்கே குப்பை லாரி வராது.

சாயங்காலம் அதே பாதையில் மேலே ஏறினோம். என் கையில் ஒரு தண்ணி பாட்டில் மட்டும்தான். பதினோரு தடவை உட்கார்ந்தேன். ஆளைத் தூக்கிட்டு எப்படி ஏறினாங்கன்னு ஒவ்வொரு தடவையும் நினைச்சுக்கிட்டேன்.