கணினிப் பொறியியலும் வன்னி மாணாக்கரும்

வன்னிப் பெருநிலப்பரப்பு குளங்களால் வாழும் நாடு. நீரைத் தேக்குதல், அளத்தல், பங்கிடுதல் ஆகிய மூன்றும் அந்நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவந்த பொறியியல் எனலாம். அணையின் உயரமும் மதகின் அளவும் வானின் மட்டமும் கணக்கிட்டு அமைக்கப்படாவிடின் குளம் நிலைபெறாது. அக்குளங்களுட் பெரியதாகிய இரணைமடுவுக்கு அண்மையில், கிளிநொச்சி நகருக்குத் தெற்கே, அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கி வருகின்றது. அங்குப் பயிற்றப்படும் துறைகளுள் ஒன்றாகிய கணினிப் பொறியியல் யாது, அதனைக் கற்க விழையும் வன்னி மாணாக்கர்க்கு வேண்டுவன யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் பல்கலைக்கழக மட்டத்திற் பொறியியற் கல்வி 1950ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கிற்று. அப்பீடம் 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் மொறட்டுவையும் உறுகுணையும் பிறவும் பொறியியல் பயிற்றலாயின. யாழ்ப்பாணத்தில் 1974இல் வளாகமாகத் தொடங்கப்பெற்று 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய நிறுவனத்திற்கோ, பொறியியற் பீடம் நெடுங்காலம் கைகூடவில்லை. வடபுலத்து மாணாக்கர் பொறியியல் கற்கத் தெற்கு நோக்கியே சென்றனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபோது வன்னி மக்களிற் பெரும்பாலோர் வவுனியாவின் நலன்புரி முகாங்களில் இருந்தனர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் அமைந்தது. முகாமில் ஆறு வயதில் அகரம் எழுதிய குழந்தை இன்று பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் பருவத்தை அடைந்துள்ளது என்பதை எண்ணிப் பார்ப்போர், இப்பொருளின் அருமையை உணர்வர்.

எனினும், பீடம் வன்னியில் இருப்பதனால் வன்னி மாணாக்கர் அனைவர்க்கும் அதன் வாயில் தானே திறந்துவிடும் எனக் கருதுதல் தவறாகும். பல்கலைக்கழக அனுமதி நாடளாவிய முறையில் நடைபெறுவது. க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் பெறும் பேறே பொறியியலுக்கு வழியாகும். கணினிப் பொறியியல் கற்க விரும்புவோர் உயர்தரத்திற் கணினியையே பாடமாகக் கொள்ளவேண்டும் என்று பலர் எண்ணுவது பிழை. இடங்களில் நூற்றுக்கு 40 திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் இறுதியிற் கூறிய தொகுதியில் அடங்குவன. இவ்வேற்பாடு நீதியானதே. ஆயின், மாவட்டத்தை நோக்கி இடம் அளிக்கும் முறை வாயிலோடு நின்றுவிடுகின்றது. உள்ளே நடைபெறும் பரீட்சை எல்லார்க்கும் ஒன்றே. இடம் பெறுதல் வேறு. கற்றுத் தேறுதல் வேறு.

இனி, கணினிப் பொறியியலின் இயல்பை நோக்குவோம். கணினியை இயக்கப் பழகுதல் கணினிப் பொறியியல் ஆகாது. செய்நிரல் எழுதுதல் மட்டும் அதுவாகாது. கணித்தலின் கோட்பாடுகளை ஆராய்வது கணினி விஞ்ஞானம். மின்னோட்டத்தையும் இலத்திரன் சுற்றுக்களையும் ஆராய்வது மின், இலத்திரனியற் பொறியியல். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, கம்பியில் ஓடும் மின்னழுத்தம் முதல் மனிதர் செய்யும் முடிவு வரை உள்ள சங்கிலியின் எல்லாக் கண்ணிகளுக்கும் பொறுப்பேற்பது கணினிப் பொறியியல். ஒரு கண்ணியை மட்டும் அறிந்தவன் வினைஞன் ஆகலாம். முழுச் சங்கிலியையும் அறிந்தவனே பொறியியலாளன்.

இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பெய்த பெருமழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பெருவெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட காலமும் முறையும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. குளத்து நீர்மட்டத்தை இடைவிடாது அளந்து, உரியோர்க்கு அறிவிக்கும் ஒரு கருவியை அமைக்குமாறு இளம் பொறியியலாளன் ஒருவன் பணிக்கப்பட்டான் எனக் கொள்வோம். அளக்கவேண்டிய உயரம் 36 அடி, அஃதாவது 432 அங்குலம் என்க.

முதலில் நீரின் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும் உணரி ஒன்று வேண்டும். இது பௌதிகவியலும் இலத்திரனியலும் சார்ந்தது. தொடர்ச்சியாக ஏறியிறங்கும் அம்மின்னழுத்தத்தைக் கணினி அறியும் எண்ணாக மாற்றுதல் அடுத்த படி. எட்டுத் துவித இலக்கங்களால் அவ்வெண்ணைக் குறிப்பின் 256 படிகளே கிடைக்கும். படியொன்று ஏறக்குறைய 1.7 அங்குலமாகும். பத்து இலக்கங்களாற் குறிப்பின் 1,024 படிகள் கிடைக்கும். படியொன்று அரை அங்குலத்திலும் குறையும். அங்குலம் என்பது அற்பம் அன்று. ஆயிரம் ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓர் அங்குலம் ஏறினால், 83 ஏக்கர் அடிக்குச் சற்று மேற்பட்ட நீர் வந்து சேர்ந்தது என்பது பொருள். ஆகவே, எத்தனை இலக்கம் என்னும் வினா ஏட்டுக் கணக்கு அன்று. வயலையும் வீட்டையும் பற்றிய வினாவாகும்.

இனி, காற்று வீசுங்கால் நீர்ப்பரப்பில் அலை எழும். ஒருமுறை அளந்த அளவை நம்பிப் பயனில்லை. பலமுறை அளந்து சராசரி காண வேண்டும்; எத்தனை முறை, எவ்விடைவெளியில் என்பதைப் புள்ளிவிவரவியல் கூறும். உணரி ஒன்று பழுதுற்றுப் பொய்யளவு காட்டலாம். மூன்று உணரிகளை வைத்து, இரண்டு ஒத்துரைப்பதனை ஏற்கலாம். தரவைச் சேமிக்கும் வேலையில் இயந்திரம் ஈடுபட்டிருக்கும் கணத்தில் நீர்மட்டம் எல்லையைக் கடப்பின், சேமிப்பை நிறுத்தி எச்சரிக்கையை முன்னிறுத்தவேண்டும். எவ்வேலைக்கு முன்னுரிமை என்பதை ஒழுங்குபடுத்துவது பணிசெயல் முறைமை. எச்சரிக்கைச் செய்தி வழியிற் சிதையாது போய்ச் சேர்ந்ததா என்பதை உறுதிசெய்வது வலையமைப்புக் கல்வி. மாரிகாலத்து இடியும் மின்னலும் மின்தடையும் நேருங்கால் கருவி எவ்வாறு உயிர்த்திருக்கும் என்பது மின்னியல். நாலாண்டுப் படிப்பில் வெவ்வேறு பாடங்களாகத் தோன்றுவன யாவும் குளக்கட்டில் நிற்கும் ஒரு சிறு பெட்டியினுள் ஒன்றுகூடுவதைக் காணலாம். முதலிற் பொதுவான கணிதமும் பொறியியல் அடிப்படைகளும் பயிற்றி, அதன்பின் சிறப்புத்துறைக்குச் செல்லவிடுவதும், தொழிலகப் பயிற்சியும் இறுதியாண்டு ஆய்வுத் திட்டமும் வேண்டுவதும் இக்காரணம் பற்றியே.

ஒரு கண்ணி தளரின் நேர்வது யாது என்பதற்கு உலக வரலாற்றிற் சான்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவுகலம் தனது முதற் பறப்பிலேயே, ஒரு நிமிடம் நிறையுமுன் சிதறியது. முந்திய ஏரியன் 4 கலத்திற்கென எழுதிய செய்நிரலின் ஒரு பகுதி மாற்றமின்றி இதிலும் பயன்படுத்தப்பட்டிருந்தது. 64 துவித இலக்கங்களில் இருந்த ஓர் எண்ணை 16 இலக்கங்களுள் அடக்க அது முயன்றது. அவ்விடத்தில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. புதிய கலத்தின் வேகம் மிகுதியாதலின் எண் அவ்வெல்லையைக் கடந்தது. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. செய்நிரல் எழுதியோர் கணக்கறியாதவர் அல்லர். பழைய கலத்திற்குப் பொருந்திய எல்லை புதியதற்கும் பொருந்துமா என்று சோதிக்கப்படாமையே குற்றம். இயந்திரமே செய்நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் காலமாகிய இன்று இப்பாடம் முன்னிலும் பெறுமதி வாய்ந்தது. எழுதித்தருவதற்கு இயந்திரம் உண்டு. எழுதப்பட்டது இக்குளத்திற்கு, இம்மழைக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பொறுப்பேற்பதற்கு மனிதனே வேண்டும்.

வன்னி மாணாக்கர் எதிர்கொள்ளும் இடர்களுள் முதன்மையானது மொழி. உயர்தரம் வரை தமிழிற் பயின்றோர், பீடத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவும் பரீட்சை எழுதவும் வேண்டியவராகின்றனர். தென்னிலங்கையிலிருந்து வந்து உடன்பயிலும் சிங்கள மாணாக்கர்க்கும் இவ்விடர் பொதுவே. கருத்தைத் தெளியாது சொல்லை மட்டும் மனனம் செய்வார்க்கு எம்மொழியும் துணைசெய்யாது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றினார். விஞ்ஞானம் பயின்றவராகிய விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்தார். தமிழிற் கருத்தைத் தெளிந்து, அதே கருத்தை ஆங்கிலத்தில் உரைக்கப் பழகுவதே இவர்கள் காட்டிய நெறியோடு இக்காலத் தேவையையும் இணைக்கும் வழியாகும். உயர்தர வகுப்பிலேயே ஒவ்வொரு கலைச்சொல்லையும் இருமொழியிலும் எழுதிப் பயிலும் வழக்கத்தை ஆசிரியர் ஏற்படுத்துதல் நன்று.

இரண்டாவது இடர், வினாவும் விடையுமாகக் கற்கும் பழக்கம். கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து புள்ளி பெறுதல் இயலும். ஆயின், பொறியியற் கூடத்தில் வினாவைத் தானே அமைக்கவேண்டும். சுற்று இயங்காதபோது பிழை உணரியிலா, கம்பியிலா, செய்நிரலிலா என ஒவ்வொன்றாக விலக்கிக் காணும் பொறுமை நூலால் வருவதன்று. கையாற் செய்தலால் வருவது. இப்பழக்கத்திற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மின்கலம், இரண்டு ஆளிகள், ஒரு மின்குமிழ் இருப்பின் தருக்கப் படலைகளின் அடிப்படையைப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் காட்டலாம். ஆளிகளைத் தொடராக இணைப்பின் இரண்டும் மூடியபோதே குமிழ் எரியும். சமாந்தரமாக இணைப்பின் ஒன்று மூடினும் எரியும். கணினியின் கணிப்பு முழுவதற்கும் இத்தகைய எளிய இணைப்புக்களே அடிப்படை.

பொறியியலுக்கு இடம் கிட்டாதோர் மனந்தளர வேண்டியதில்லை. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில், கணினி விஞ்ஞானமும் தகவல் தொழில்நுட்பமும் பயிற்றப்படுகின்றன. அறிவியல் நகரிலேயே விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் உள்ளன. நிலத்தை அறிந்தோரும் கருவியை அறிந்தோரும் அயலில் வாழும் இவ்வாய்ப்பு எளிதிற் கிடைப்பதன்று.

முன்னோர் குளம் கட்டினர். அதன் நீரை அளந்து பங்கிடும் நெறியையும் வகுத்தனர். குளக்கட்டில் நின்று நீர்மட்டம் பார்த்த காவலாளி, ஊர் உறங்கும்போது விழித்திருந்தான். அவன் கண்ணுக்குத் துணையாக ஒரு கருவியை அமைப்போர், அவன் ஏற்ற பொறுப்பையும் உடன் ஏற்கின்றனர். அப்பொறுப்பை உணர்ந்து, அடிப்படைகளை ஐயமறக் கற்கும் மாணாக்கரை உருவாக்குதல் வன்னிப் பாடசாலைகளின் கடன். அறிவியல் நகரின் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவற்றினுள் நுழையும் வன்னிப் பிள்ளைகள் தேறி வெளிவருவதற்கான அத்திவாரம் ஊர்ப் பாடசாலையின் கணித வகுப்பிலேயே இடப்படவேண்டும்.