சிறு பூங்காவில் குதிரைச் சவாரி

ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கற்குதிரைகளை நம் வட்டாரத்தார் நன்கு அறிவர். இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபரி உற்சவத்தில் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவதையும் பலர் சேவித்திருப்பர். ஊர் எல்லைகளில் ஐயனாரின் மண்குதிரைகள் காவல் நிற்கின்றன. ஆயினும், உயிருள்ள குதிரையின் முதுகில் ஒரு முறையேனும் அமர்ந்த சிறுவர் லால்குடிப் பக்கத்துக் கிராமங்களில் மிகச் சிலரே இருப்பர். திருச்சி வீதிகளில் ஓடிய ஜட்கா வண்டிகளும் மறைந்து நெடுங்காலமாகிறது. கொடைக்கானல் ஏரிக்கரை வரை சென்று வாடகைக் குதிரையில் ஏறுவது எல்லோருக்கும் இயலுவதன்று. காணும் பொங்கல் போன்ற ஒரு நாளில் ஊராட்சிப் பூங்காவிலேயே இதற்கு ஏற்பாடு செய்யலாம்.

முதலில் நேரத்தை முடிவு செய்தல் வேண்டும். இழுவை விலங்குகளையும் பொதி விலங்குகளையும் வதைத்தலைத் தடுக்க மத்திய அரசு 1965ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றிடம் வேலை வாங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நமது சித்திரை வெயிலில் இவ்விதி எவ்வளவு அவசியம் என்று கூற வேண்டியதில்லை. தை மாதத்தில் அத்தகைய வெப்பம் இல்லையெனினும், காலை 7 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் நடத்துவதே உகந்தது.

ஆக, நான்கு மணி நேரம் கிடைக்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம், ஏறி இறங்க ஐந்து நிமிடம், ஒவ்வொரு மணியிலும் குதிரைக்குக் கால் மணி ஓய்வு என்று கொண்டால், ஒரு குதிரை மணிக்கு மூன்று பேரைச் சுமக்கும். இரு குதிரைகளுக்கு நாள் முழுவதும் 24 பேர். இருபத்தைந்தாவது சீட்டை விற்கலாகாது. கூட்டத்தைக் கண்டு ஓய்வு நேரத்தை விழுங்கிவிடுவதே இத்தகைய ஏற்பாடுகளில் நேரும் கேடு. களைத்த குதிரை இடறும். இடறினால் விழுவது குழந்தை.

மட்டக்குதிரையின் மீது ஏற்றும் பொதிக்கு மேற்படி விதிகள் 70 கிலோ என வரம்பிட்டுள்ளன. பொதிக்குரிய அளவாயினும், சேணத்தையும் சேர்த்துச் சவாரிக்கும் இதனையே அளவாகக் கொள்வது நலம். உடல் பருத்த பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிற்கட்டும்! குழந்தைகளை ஒருவர் பின் ஒருவராக இருவரை ஏற்றுதலும் வேண்டாம்.

குதிரை செல்லும் பாதை உறுதியான மண்ணாக இருத்தல் வேண்டும். அய்யன் வாய்க்காலின் கரை பார்வைக்கு இனிது. ஈரம் காயாத களிமண்ணில் லாடம் வழுக்கும். இரயில் பாதையை ஒட்டிய இடமும் ஆகாது. திடீரென ஊதல் ஒலி கேட்டால் சாதுவான குதிரையும் மிரளும். பட்டாசு, ஒலிபெருக்கி ஆகியவற்றையும் அன்று விலக்குக.

குழந்தை இடப்புறமிருந்து ஏறுதல் வழக்கம். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே நுழைய வேண்டும். முழுவதும் நுழைந்தால், விழும்போது கால் சிக்கி இழுபட நேரும். தலைக்கவசம் கட்டாயம். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்ல, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நடந்து வர வேண்டும். ஓட்டம் வேண்டாம், நடையே போதும். சாணமும் மண்ணும் கலந்த தரையில் இரணஜன்னிக் கிருமிகள் இருக்கக்கூடும். சிராய்ப்பு ஏற்பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி பற்றிக் கேட்டறிக.

பொங்கல் நாளில் அன்பு மிகுதியால் நேரும் ஆபத்தையும் கூற வேண்டும். சர்க்கரைப் பொங்கலையும் இலையில் மிஞ்சிய சோற்றையும் குதிரைக்கு ஊட்டப் பலர் முன்வருவர். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஒவ்வாத உணவு உள்ளே சென்றால் வயிறு உப்பி, கடும் வலி கண்டு, உயிரே போகலாம். பசும்புல்லும், வழக்கமாகத் தின்னும் அளவு கொள்ளும், நிழலில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீரும் போதும். அரசு கால்நடை மருத்துவருக்கு முன்னதாகவே தெரிவித்து வைத்தல் நன்று.

மாலையில் வாடகையைக் கொடுக்குமுன் சேணத்தை இறக்கச் செய்து, குதிரையின் முதுகையும் வயிற்றுப்பட்டை அழுந்திய இடத்தையும் பார்வையிடுக. காலையிலும் இவ்வாறே பார்த்து, புண் இருக்கும் குதிரையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.