மெடிக்கல் போர்டு கைவிரித்த பிறகு: படைவீரரின் ஊன ஓய்வூதிய வழக்குகள்

ராணுவத்தில் நிரந்தர நோயோ காயமோ உள்ள ஒருவர் ஓய்வுபெறும்போதும், உடல்நிலை காரணமாக ‘போர்டு அவுட்’ ஆகும்போதும் மெடிக்கல் போர்டு அவரைப் பரிசோதித்து ஒரு படிவம் நிரப்பும். அதில் இரண்டு விஷயங்கள்தான் அவருடைய பணத்தைத் தீர்மானிக்கின்றன. ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. அது பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா என்பது மற்றொன்று. 2023 செப்டம்பர் வரை சர்வீஸை விட்டவர்களுக்கான பழைய விதிப்படி ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், பணியோடு தொடர்பும் இருக்க வேண்டும். பல படிவங்களில் சதவீதம் 30 என்று இருக்கும்; பக்கத்திலேயே பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றும் இருக்கும். ஊன ஓய்வூதியம் அத்தோடு நின்றுபோகும்.

அப்படி மறுப்புக் கடிதம் வந்தால் ராணுவத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டுக் குழுக்களுக்கு முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் என்று போகலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிய அமைப்பு இது. முதன்மை அமர்வு டெல்லியில். தமிழ்நாட்டுக்காரர்களின் வழக்குகள் சென்னை அமர்வுக்கு வரும். ஒரு அமர்வில் நீதித்துறையிலிருந்து ஒருவரும், படையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவரும் உட்கார்ந்து விசாரிப்பார்கள். இரண்டாமவர் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்தவர் என்பது இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம்.

தீர்ப்பாயம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? இதற்கு அடிப்படை, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு. வழக்குப் போட்டவர் 1985-இல் சிப்பாயாகச் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கழித்து வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவர். ஊனம் 20 சதவீதம் என்று போர்டு எழுதியது. ஆனால் இது உடல்வாகில் வந்த கோளாறு, பணிக்குத் தொடர்பில்லை என்றும் எழுதிவிட்டது. காரணம் சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் விதிகளை வரிவரியாகப் படித்துக் கேட்டது இதுதான்: ஆளை எடுக்கும்போது நீங்கள்தானே தலை முதல் கால்வரை சோதித்து ‘தகுதி’ என்று சேர்த்தீர்கள்? அன்று படிவத்தில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டால் அது பணியால்தான் என்பது முதல் அனுமானம். இல்லை என்று சொல்வோர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் படைவீரருக்கே. சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று போர்டு கருதினால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். தரம்வீர் சிங் வென்றார். அதன்பிறகு வந்த நூற்றுக்கணக்கான தீர்ப்புகளில் இந்த வாதத்தைப் பார்க்கலாம்.

அதற்காக வழக்குப் போட்ட எல்லோருக்கும் வெற்றி என்று நினைக்க வேண்டாம். மனநோய் தொடர்பான ஒரு வழக்கில், சேர்க்கும்போது நடக்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது என்ற விளக்கத்தை ஏற்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தை மறுத்தது. விடுப்பில் ஊருக்கு வந்தவர் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்ட வழக்கிலும் 2011-இல் படைவீரர் தோற்றார். விடுப்பும் பணிக்காலத்தில்தான் சேர்த்தி. ஆனாலும் அந்த விபத்துக்கும் ராணுவ வேலைக்கும் ஏதாவது முடிச்சு இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வீட்டு வேலையில் மாடியிலிருந்து விழுந்தவருக்கும் சியாச்சினில் மூச்சுத்திணறியவருக்கும் ஒரே தராசு கிடையாது.

பணம் எவ்வளவு? ஊனம் 100 சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பங்காக வரும். ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,600. இங்கேதான் ‘ரவுண்டிங்’ வருகிறது. 50-க்குக் குறைவான ஊனத்தை 50 என்றும், அதற்கு மேல் 75 வரை உள்ளதை 75 என்றும், 75-ஐத் தாண்டினால் 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள். அந்த 3,600 ரூபாய் 6,000 ஆகும், அகவிலைப்படி தனி. இது பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு வாதாடியது. முழுச் சர்வீஸ் முடித்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் முழுச் சர்வீஸ் முடித்தவருக்கு ஊனம் 20-க்குக் கீழே போனால் ஊனப் பங்கும் இல்லை, ரவுண்டிங்கும் இல்லை.

குடும்பங்களுக்கு வரும் சிக்கல் வேறு மாதிரி. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சாவுக்குப் பணி காரணம் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போர் அல்லது அதற்கு இணையான சூழலில் இறந்தால் தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம். முழுச் சம்பளமும் வரும். எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பதில்தான் தகராறு. 2013 ஜனவரியில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து போன ஒரு நாயக், மூச்சுத்திணறி மாரடைப்பால் இறந்தார். முதலில் போர்ச் சேதம் என்று பதிந்தார்கள். பிறகு அதை மாற்றிவிட்டார்கள். மனைவிக்கு 60 சதவீத ஓய்வூதியம்தான் கிடைத்தது. அவர் தீர்ப்பாயம் போய் 2019-இல் வென்றார். அரசு அப்பீல் போனது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியதோடு, அந்த அம்மாவை இவ்வளவு தூரம் இழுத்திருக்கக் கூடாது என்று 50,000 ரூபாய் செலவுத்தொகையும் தரச் சொன்னது. கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு ஆகப்போகும் நேரம் அது. வென்றவர்களைக்கூட விடாமல் அப்பீலுக்கு இழுக்கும் இந்தப் பழக்கம் சட்டப்படி தவறில்லை, ஆனால் கருணையற்றது.

நாள் கடந்துவிட்டதே என்று சும்மா இருக்கவும் வேண்டாம். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு உண்டு, காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் பல ஆண்டு கழித்தும் போகலாம். ஆனால் நிலுவை பெரும்பாலும் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கும். இதைத்தான் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முதல் வேலை, மெடிக்கல் போர்டு படிவத்தின் முழு நகலை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கேட்டு வாங்குவது. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சேர்ந்தபோது நடந்த உடல்தகுதிப் பதிவு, நோய் முதலில் எந்த இடத்தில் எந்த ஆண்டு தெரிந்தது, தொடர்பில்லை என்பதற்குப் போர்டு என்ன காரணம் எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு சர்வீஸை விட்டவர்களுக்கு விதிகள் மாறிவிட்டன. அவர்கள் பழைய தீர்ப்புகளை அப்படியே நம்பாமல் புதிய விதியையும் ஒரு முறை படித்துவிட வேண்டும்.