துருப்பிடிச்ச சேஸிஸ்: மேல ஒரு தகடு ஒட்டினா போதுமா?

வழக்கமா இங்க கோட், சர்வர்னு பேசுவோம். இன்னிக்கு கொஞ்சம் இரும்பு பத்திப் பேசலாம்.

எங்க ஊர் தூத்துக்குடி. அப்பாகிட்ட ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இருக்கு. வருஷக்கணக்கா உப்புக் காத்துல நின்ன வண்டி. போன லீவுல கீழ படுத்து, பின்பக்க ஸ்பிரிங் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்த்தேன். பொசுக்குனு உள்ள போயிடுச்சு. ஒரு பட்டறையில காட்டினோம். "மேல ஒரு தகடு வெச்சு அடிச்சிடலாம் தம்பி, அரை நாள் வேலை"ன்னாங்க. அப்பா தலையாட்டிட்டார். நான்தான் வேண்டாம்னேன்.

ஏன்? ஜீப், லாரி மாதிரி வண்டிகள்ல சேஸிஸ் ஒரு ஏணி மாதிரி இருக்கும். நீளமா ரெண்டு சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். எஞ்சின், ஸ்பிரிங், பாடி எல்லாத்தையும் தாங்குறது அதுதான். வண்டி பள்ளத்துல விழும்போது சட்டம் வளையப் பார்க்கும். அந்த விசையை அதிகம் தாங்குறது சட்டத்தோட மேல், கீழ் விளிம்புகள்.

துருமேல வெல்டிங் வெச்சா பத்தவைப்புக்குள்ள காத்துக் குமிழ் விழும். மெலிஞ்ச இரும்பு உருகி ஓட்டையாகும். ரெண்டு தகடுக்கு நடுவுல ஈரம் தங்கி, வெளிய தெரியாமலே அரிக்கும். நம்ம பாஷையில சொன்னா, பக்கை சரி பண்ணாம எரர் மெசேஜை மட்டும் மறைக்கிற கதை.

அப்போ சரியான வழி என்ன? இன்னொரு பட்டறை அண்ணன் செஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டணும். பெட்ரோல், டீசல் டேங்க், பிரேக் பைப் பக்கத்துல இருந்தா அதையும் கழட்டிடணும். அப்புறம் சுத்தியலால தட்டிப் பார்க்கணும். நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்சது மந்தமா கேக்கும். கணீர்னு கேக்கிற இடம் வரைக்கும் வெட்டி எடுக்கணும். இதுல கஞ்சத்தனம் கூடாது.

வெட்டுறதுக்கு முன்னாடியே சட்டம் தொங்காம முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை குறுக்கா அளந்து குறிச்சு வெச்சுக்கணும். வேலை முடிஞ்சதும் அதே அளவு வரணும். வரலைன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

புதுத் தகடு பழைய சட்டத்தோட கனத்துலயே இருக்கணும். ரொம்பக் கனமா போட்டா, அது முடியுற இடத்துல விசை குவிஞ்சு விரிசல் விடும். அதே காரணத்துக்காக இணைப்பை நேர் செங்குத்தா வெக்காம சாய்வா வெட்டுவாங்க. அப்போ பத்தவைப்பு முழுக்க ஒரே குறுக்குவெட்டுல விழாது.

வெல்டிங்கை ஒரே இழுப்புல முடிக்கக் கூடாது. முதல்ல அங்கங்க பொட்டு வெச்சு, பிறகு இடம் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா ஓட்டணும். ஏன்னா பத்தவெச்ச இடம் ஆறும்போது சுருங்கி, சட்டத்தையே இழுத்துடும்.

கடைசியா பிரைமர், பெயிண்ட். சட்டத்துக்கு உள்பக்கம் மெழுகு மாதிரி துருத் தடுப்பு ஸ்பிரே. தண்ணி வடியுற ஓட்டைகளை அடைச்சிடாதீங்க. பல சமயம் துரு ஆரம்பிக்கிறது அங்க சேறு அடைக்கிறதாலதான்.

ரெண்டு எச்சரிக்கை. சேஸிஸ் நம்பர் அடிச்ச இடத்துல கை வெக்காதீங்க, ஆர்.சி. புக்ல இருக்கிறது அந்த நம்பர்தான். புதுக் கார்கள்ல பல இடத்துல அதிக வலுவுள்ள ஸ்டீல் இருக்கும். சூடு பட்டா அதோட வலு குறையும். அதனால கம்பெனி சொல்ற முறை இல்லாம அங்க வெல்டிங் வேண்டாம்.

எங்க ஜீப்புக்கு மூணு நாள் ஆச்சு. "அரை நாள்ல முடியுற வேலை"ன்னு அப்பா முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் அண்ணன் வெட்டி எடுத்த துண்டை அவர் கையில கொடுத்தார். அப்பா லேசா அழுத்தினதும் அது பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லலை.

உங்க வீட்ல பழைய வண்டி இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்க்ரூடிரைவரோட கீழ படுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.